ஒழுகும் சிலாப்புக்கு பைபர் கிளாஸ்: செலவழிக்க முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒவ்வொரு வருடமும் மாரி மழை தொடங்கி இரண்டு கிழமை செல்வதற்குள் எனது தொலைபேசிக்கு ஓய்வில்லாமல் போய்விடும். பேசுபவர்கள் கடைக்காரர்களாக இருப்பார்கள், அல்லது புதிதாக வீடு கட்டியவர்களாக இருப்பார்கள். கேள்வி மட்டும் ஒன்றுதான். "காக்கா, சிலாப்பு ஒழுகுது. போட்டுக்கு அடிக்கிற பைபர மேல அடிச்சித் தந்தா நிக்குமா?"

நான் கிழக்குக் கரையில் மீன்பிடி வள்ளங்கள் செய்யும் சிறிய பைபர் கிளாஸ் பட்டறையொன்றை நடத்தி வருகின்றேன். கூரை வேலையையும் பல வருடங்களாகச் செய்து வருகின்றேன். எனவே இக்கேள்விக்கு இப்பக்கத்தில் ஒருமுறை விரிவாகப் பதில் சொல்லலாமென நினைத்தேன். சுருக்கமான பதில் இதுதான்: நிற்கும். முறையாகச் செய்தால் இருபது வருடமும் நிற்கும். ஆனால் பைபர் கிளாஸ் என்பது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் மேலே ஒட்டினால், போட்ட காசு அடுத்த மாரியிலேயே தண்ணீராகப் போய்விடும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. நட்டப்பட்டுப் படித்தேன்.

எனக்கு ஏற்பட்ட நட்டம்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எமது கரையோரம் எங்கும் வள்ளங்கள் தேவைப்பட்டன. பட்டறைகள் இரவு பகலாக வேலை செய்தன. அந்த அவசரத்தில் தரம் குறைந்த வள்ளங்களும் பல வெளியாகின என்பது எல்லோருக்கும் தெரிந்த விடயம். சில வருடங்களில் அந்தக் கேள்வி குறைந்தது. பட்டறையில் ஆட்கள் இருந்தார்கள், வேலை இல்லை. அப்போதுதான் நகரத்தில் பிடவைக்கடை நடத்தும் ஹாஜியார் ஒருவர் 1,000 சதுர அடி சிலாப்பைக் காட்டி, "செய்து தருவீர்களா?" என்று கேட்டார். யோசிக்காமல் ஒப்புக்கொண்டேன்.

ஜனவரி மாதம். மழை விட்டு நான்கு நாட்கள் வெயில் எறித்திருந்தது. சிலாப் மேலே காய்ந்துதான் தெரிந்தது. கழுவினோம், கூட்டினோம், ஒட்டினோம். வேலை முடிந்தபோது கண்ணாடி போல் பளபளத்தது. ஏப்ரல் மாதம் கடும் வெயிலில் தட்டளவு பெரிய கொப்புளங்கள் எழும்பின. ஒன்றைக் கத்தியால் கீறிப் பார்த்தேன், உள்ளே தண்ணீர் நின்றது. நவம்பர் மழையில் கொப்புளங்கள் வெடித்து, தண்ணீர் உள்ளே இறங்கி, பெருநாளுக்கென எடுத்து வைத்திருந்த சாரன் கட்டுகளும் சாரிகளும் நனைந்தன.

ஹாஜியார் சத்தம் போடவில்லை. "தம்பி, உங்கட வேலய எனக்குப் பாக்கத் தெரியா. உங்கட பேச்சத்தான் நம்பின" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. அடுத்த ஜூலையில் முழுவதையும் உரித்தெடுத்து எனது செலவில் திரும்பச் செய்து கொடுத்தேன். அந்த வருடம் பட்டறையில் கிடைத்த இலாபம் அத்தனையும் அதற்கே சரியானது.

எங்கே பிழைத்தது? ரெசினில் பிழையில்லை, மெட்டில் பிழையில்லை, எமது கைவேலையிலும் பெரிய பிழையில்லை. வள்ளம் செய்வதும் கூரைக்கு ஒட்டுவதும் ஒரே வேலையென நான் நினைத்ததுதான் பிழை. வள்ளத்தை அச்சில் செய்கின்றோம். அச்சுக்கு மெழுகு பூசி, பைபர் அதில் ஒட்டிவிடாதபடி பார்த்து, இறுகிய பின் கழற்றி எடுக்கின்றோம். கூரையிலோ அது ஒருபோதும் கழரக்கூடாது. ஒட்டாமலிருக்கப் பழகிய கைகள், ஒட்ட வைப்பதற்கு வேறு பாடம் படிக்க வேண்டியிருந்தது.

இப்பொருள் என்ன?

மூன்று பொருட்கள் சேர்ந்ததே பைபர் கிளாஸ். ஒன்று, கண்ணாடி இழைகளை வெட்டிப் பாய் போல் பரப்பிய மெட். இது ஒரு சதுர மீற்றருக்கு 300 கிராம், 450 கிராம், 600 கிராம் என எடையால் வகைப்படுத்தப்படுகின்றது. இரண்டாவது, பொலியெஸ்டர் ரெசின். மூன்றாவது, ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர்.

இழை பலத்தைத் தருகின்றது, ரெசின் தண்ணீரைத் தடுக்கின்றது. ரெசினை மட்டும் பூசினால் வெடித்துப் போகும். மெட்டுக்கு ரெசின் போதாமல் போனால் இழைகளுக்கிடையே காற்று தங்கி அதன் வழியே தண்ணீர் நுழையும். பொதுவாக ஒரு கிலோ மெட்டுக்கு இரண்டரைக் கிலோ ரெசின் என்பது நல்ல கணக்கு. ரெசினைக் குறைத்து இலாபம் பார்ப்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

முதலில் சிலாப்பைப் பாருங்கள்

நான்கு விடயங்களைப் பார்க்காமல் எவருக்கும் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

முதலாவது வாட்டம். தண்ணீர் தானாக ஓடிப்போகும் சரிவு இருக்க வேண்டும். வேலை முடிந்த பின் குறைந்தது 80 அடிக்கு 1 அடி என்ற வாட்டமாவது தேவை. அதாவது 20 அடி நீளத்துக்கு 3 அங்குலம். எமது ஊர்களில் பெரும்பாலான சிலாப்புகள் மட்டம் பார்த்துப் போடப்பட்டவை. வாட்டமில்லாவிட்டால் சீமெந்துக் கலவையால் வாட்டம் எடுக்கலாம். ஆனால் 1,000 சதுர அடியில் இந்த 3 அங்குல வாட்டம் எடுக்க ஏழு தொன் அளவில் பாரம் ஏறும். சிலாப் அதைத் தாங்குமா என்பதைப் பொறியியலாளர் ஒருவரிடம் கேட்ட பின்னரே செய்ய வேண்டும். தண்ணீரை நடுவிலிருந்து இரு பக்கமும் இறங்க வைத்தால் பாரம் ஏறத்தாழ பாதியாகக் குறையும்.

இரண்டாவது கம்பி. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றாலும், சில இடங்களில் உப்பு மணலாலும் சிலாப்பினுள் இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்குகின்றது. அடிப்பக்கத்தில் சாந்து உப்பியோ விழுந்தோ இருந்தால், கம்பி வழியே துருக்கறை இறங்கியிருந்தால், அது பைபர் கிளாஸ் வேலையல்ல. முதலில் கொங்கிரீட்டைத் திருத்த வேண்டும். மேலே மூடிவிட்டால் நோய் மறையுமே தவிர மாறாது.

மூன்றாவது வெடிப்பு. வெடிப்பு ஆடுகின்றதா, நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். வெயிலிலும் இரவிலும் மாறி மாறி ஆடும் வெடிப்பின் மேல் பைபரை இறுக ஒட்டினால், அதே கோட்டில் பைபரும் கிழியும். அவ்விடத்தில் வெடிப்பை நிரப்பி, அதன் மேல் ஒட்டாத நாடாவொன்றை நீளத்துக்கு ஒட்டி, அதற்கு மேல் மெட்டை இரட்டிப்பாக விட வேண்டும். அப்போது அந்த ஆட்டம் ஒரு கோட்டில் சேராமல் நாடாவின் அகலத்துக்குப் பரவிவிடும்.

நான்காவது ஈரம். நான் தோற்ற இடம் இதுதான். மேலே காய்ந்த கொங்கிரீட் உள்ளே ஈரமாக இருக்கும். வெயில் ஏற அந்த ஈரம் ஆவியாகி மேலே வரும். வழியில்லாவிட்டால் பைபரைத் தூக்கும். இதைப் பார்க்கச் செலவில்லாத முறையொன்று உண்டு. தெளிவான பொலித்தீனில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி துண்டு வெட்டி, சிலாப்பில் வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். 16 மணித்தியாலம் கழித்து எடுங்கள். அடியில் நீர்த்துளிகள் இருந்தால், அல்லது கொங்கிரீட் கறுத்திருந்தால் இன்னும் காயவில்லை. 500 சதுர அடிக்கு ஓரிடமாவது இப்படிப் பார்க்க வேண்டும். ஹாஜியாரின் சிலாப்பில் இந்தப் பொலித்தீன் துண்டை வைத்திருந்தால் எனக்கு ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

புதிதாகப் போட்ட சிலாப்பாக இருந்தால் குறைந்தது 28 நாட்களாவது செல்ல வேண்டும், அதன் பிறகும் இதே சோதனை தேவை. புதிய கொங்கிரீட்டின் காரத்தன்மை பொலியெஸ்டர் ரெசினைத் தாக்கக்கூடியது என்பதும் நினைவிலிருக்கட்டும்.

எந்த மாதத்தில் செய்வது என்பதும் இதனால்தான் முக்கியமாகின்றது. கிழக்கில் மே முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம். கச்சான் காற்று வீசும் நாட்களில் தூசு படியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொழும்புப் பக்கத்தாருக்கு ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை பொருத்தமானது. ஒழுகும்போது கூப்பிடுவதும், வெயில் வந்ததும் மறந்துவிடுவதும்தான் எமது பழக்கம். மழையில் ஒழுகும் இடங்களைச் சோக்கால் அடையாளமிட்டு வையுங்கள், வெயிலில் வேலையைக் கொடுங்கள்.

வேலை நடக்க வேண்டிய ஒழுங்கு

முதலில் பழைய பூச்சு, பாசி, எண்ணெய், பொடிந்த சீமெந்து எல்லாவற்றையும் கிரைண்டர் பிடித்து எடுத்து, தூசியை முழுமையாக அகற்ற வேண்டும். பிறகு சிலாப்பும் ஓரச் சுவரும் சந்திக்கும் மூலையைச் சாந்தினால் சரிவாக நிரப்ப வேண்டும். மெட் கூர்மையான மூலைக்குள் படியாது, அடியில் காற்று நிற்கும்.

அடுத்தது பிரைமர். கொங்கிரீட்டுக்கென்று வரும் பொலியூரித்தேன் பிரைமர் இதற்குப் பொருத்தமானது. ரெசினைத் தண்ணீர் போலக் கரைத்து பிரைமரென்று பூசுபவர்கள் இருக்கின்றார்கள். நானும் முதல் வேலையில் அதைத்தான் செய்தேன்.

ஒட்டும் நேரத்தைப் பற்றி ஒரு சூட்சுமம். காலையில் வெயில் ஏற ஏற கொங்கிரீட்டின் துவாரங்களிலுள்ள காற்று விரிந்து வெளியே வரும். அந்நேரத்தில் ஈர ரெசின் மேலே இருந்தால் ஊசித்துளைகள் விழும். சூடு இறங்கத் தொடங்கும் பின்னேரத்தில் ஒட்டினால் இப்பிரச்சினை குறையும். ஆனால் பனி விழுவதற்கு முன் ரெசின் இறுகிவிட வேண்டும். எனவே அன்றைக்கு முடிக்கக்கூடிய அளவை மட்டும் தொடங்க வேண்டும்.

ஹார்ட்னர் எமது சூட்டுக்கு ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 15 கிராம் வரை போதும். ரெசின் தகரத்திலுள்ள அறிவுறுத்தலே இறுதியானது. தராசில் நிறுத்துப் போட வேண்டும், மூடியால் அளந்து ஊற்றக்கூடாது. ஒரு தடவைக்கு மூன்று நான்கு கிலோவுக்கு மேல் கலக்கவும் கூடாது. வாளியில் கூடுதலாக இருந்தால் சூடேறிப் புகை கிளம்பி இறுகிவிடும்.

முதலில் ரெசினை ரோலரால் பூசி, அதன் மேல் மெட்டை விரித்து, மேலும் ரெசின் விட வேண்டும். சில நிமிடங்களில் வெள்ளை மெட் தெளிவாக மாறும். அதன் பிறகு இரும்பு வளைய ரோலரால் காற்றை வெளியே உருட்ட வேண்டும். வெள்ளையாக நிற்கும் ஒவ்வோர் இடமும் ரெசின் போகாத இடம். மெட்டுக்கு மெட் 2 அங்குலமாவது மேற்படிய வேண்டும். ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் பிய்த்துவிட்டால் மூட்டு தடிப்பாகத் தெரியாது. ஓரச் சுவரில் 6 அங்குலம் மேலே ஏற்றி, சுவரில் காடி வெட்டி அதற்குள் முடிக்க வேண்டும். பீலிக் குழாயின் வாய்க்குள்ளும் மெட்டை இறக்க வேண்டும். நான் பார்த்த ஒழுகல்களில் பெரும்பாலானவை நடு சிலாப்பில் இல்லை, இந்த இரண்டு இடங்களில்தான்.

கடைசியாக மேற்பூச்சு. பொலியெஸ்டர் காற்றுப்படும் பக்கத்தில் முழுமையாக இறுகாது, பிசுபிசுக்கும். அதனால் கூரைக்கான மேற்பூச்சில் சிறிது மெழுகு கலந்திருக்கும். அம்மெழுகு மேலே மிதந்து காற்றை மறைப்பதால் பூச்சு நன்றாக இறுகும். வள்ளத்துக்குப் பாவிக்கும் ஜெல்கோட்டில் இது இல்லை. அதை அப்படியே கூரையில் பூசினால் பிசுபிசுத்துத் தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். நிறம் வெள்ளையோ இளஞ்சாம்பலோ நல்லது. சூடு குறையும், பைபரும் குறைவாக விரியும். நடமாடும் இடமென்றால் வழுக்காமலிருக்க மணல் தூவிக்கொள்ளலாம்.

முடிந்து சில நாட்களின் பின் பீலி வாயை அடைத்துத் தண்ணீர் விட்டு 24 மணித்தியாலம் பார்க்கலாம். ஓர் அங்குலத்துக்கு மேல் விட வேண்டாம். 1,000 சதுர அடியில் ஓர் அங்குலத் தண்ணீரே ஏறத்தாழ 2,360 கிலோ எடை வரும்.

எவ்வளவு பொருள் போகும்?

விலையை நான் எழுதவில்லை. 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டியபோது, இறக்குமதிப் பொருட்களின் விலை எப்படி ஏறியதென்பதைக் கண்டோம். விலை மாறும், எடை மாறாது. எடையை வைத்து அன்றைய விலையை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

1,000 சதுர அடி என்பது 93 சதுர மீற்றர். மேற்படியும் மூட்டு, சுவரோரம் சேர்த்து 102 என்று வையுங்கள். அடியில் 450 கிராம் மெட் ஒன்று, மேலே 300 கிராம் மெட் ஒன்று என இரு படை போட்டால் மெட் ஏறத்தாழ 77 கிலோ. ரெசின் அதில் இரண்டரை மடங்கு, 190 கிலோ அளவு. மேற்பூச்சு சதுர மீற்றருக்கு அரைக் கிலோ வீதம் 51 கிலோ. ஹார்ட்னர் 4 கிலோவுக்குள். பிரைமர், துப்புரவுக்கான அசிற்றோன், ரோலர்கள், கூலி என்பவை வேறு. உங்களிடம் ஒருவர் இதே சிலாப்பை 100 கிலோ ரெசினில் முடித்துத் தருவதாகச் சொன்னால், ஒரு படை குறைகின்றதா, ரெசின் குறைகின்றதா என்று கேளுங்கள்.

எப்போது வேண்டாம்?

எமது பகுதியில் பலர் சிலாப்பைப் போட்டுவிட்டு, பின்னாளில் மகளுக்கு மேல் வீடு எடுக்கலாமெனத் தூண் கம்பிகளை நீட்டி விட்டிருப்பார்கள். இரண்டு மூன்று வருடத்தில் கட்டும் எண்ணமிருந்தால் பைபர் கிளாஸுக்குச் செலவழிக்க வேண்டாம். கட்டும்போது அதை உடைக்கத்தான் போகின்றீர்கள். கம்பியைச் சுற்றித் தண்ணீர் இறங்காமல் அடைத்து, தற்காலிகமாகத் தகரக் கூரையொன்று போட்டால் போதும். அந்தத் தகரத்தைப் பிறகும் பாவிக்கலாம். மேல் தளத்தைப் பாவிக்கவே போவதில்லை, காசும் குறைவு என்பவர்களுக்கும் தகரம்தான் நல்லது. மேல் தளத்தில் தண்ணீர்த் தாங்கி வைப்பவர்கள், உடுப்புக் காயப்போடுபவர்கள், கடையின் உயரம் கூடக்கூடாது என்பவர்கள், இவர்களுக்கே இந்த வேலை பொருந்தும்.

இப்படிச் சொல்லி நானே பல வேலைகளைத் திருப்பி அனுப்பியிருக்கின்றேன். திருப்பி அனுப்பியவர்கள் எனக்கு வேறு வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

வேலை செய்யும் பிள்ளைகளுக்காக

ரெசினில் வரும் மணம் ஸ்டைரீன் ஆவி. தலையைச் சுற்றும், தீப்பற்றும். வேலைத்தலத்தில் சிகரெட் கூடவே கூடாது. ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் எவரையும் கலக்க விடாதீர்கள். பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். சில இடங்களில் கோபால்ட் தனிப் போத்தலில் கிடைக்கின்றது. அதையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றாக்கினால் வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுமையாகக் கலந்த பிறகே ஹார்ட்னர் போட வேண்டும். ரெசின் பட்ட துணிகளைக் குவித்து வைக்கவும் கூடாது.

இத்தொழிலைத் தொடங்க நினைப்பவர்களுக்கு

கடலில் வருமானம் குறையும் காலங்களில் பட்டறைக்காரர்களுக்கு இது நல்லதொரு துணைத்தொழில். ஆனால் சதுர அடிக்கு இவ்வளவென ஒரே தொகை சொல்லாதீர்கள். சிலாப் திருத்தம், வாட்டம், பிரைமர், பைபர், மேற்பூச்சு எனத் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். பொருள் விலை எத்தனை நாளைக்குச் செல்லுபடியாகும் என்பதையும் எழுதுங்கள். பொலித்தீன் சோதனையை வாடிக்கையாளரின் கண்முன்னே செய்யுங்கள். ஈரமிருந்தால், அவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் தொடங்காதீர்கள். எதற்கு உத்தரவாதம், எதற்கு இல்லை என்பதை முற்பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் வேலையில் வரும் பிழைக்கு நீங்கள் பொறுப்பு. கம்பி துருப்பிடிப்பதற்கு நீங்கள் பொறுப்பல்ல.

வீட்டுக்காரருக்கும் கடைக்காரருக்கும் பைபரின் மேல்பக்கம் மட்டுமே தெரியும். அடியில் என்ன நடந்ததென்பது செய்தவனுக்குத்தான் தெரியும். அந்தத் தெரியாத பக்கத்துக்காகத்தான் அவர்கள் எங்களுக்குக் காசு தருகின்றார்கள். ஹாஜியாரின் சிலாப்பை இரண்டாம் முறை செய்து பத்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஒவ்வொரு மாரியிலும் முதல் பெருமழை பெய்த மறுநாள் நான் அவருடைய கடைக்குப் போவேன். அவர் மேலே பார்க்கும்படி கையைக் காட்டுவார். இதுவரை கூரையில் ஈரம் இல்லை.